புலி ராஜாவின் கழுதை மந்திரி

ஒரு காட்டில் வரிவேந்தன் என்றொரு புலி ராஜாவாக இருந்தது, வயதாகிச் செத்தும் போனது. அதன் இடத்துக்கு வெளியூர்ச் சிங்கம் ஒன்று ராஜாவாக வந்தது. நம் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, பிள்ளைகளே. புலி உயிரோடிருந்தவரை அதைப்பற்றிப் பேச யாருக்கும் வாயே வரவில்லை.

பழைய ராஜாவைவிடத் தான் நல்லவன் என்று காது குளிரக் கேட்க வேண்டும் என்பது சிங்கத்தின் ஆசை. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் சபையைக் கூட்டியது. வரிவேந்தன் செய்த அநியாயம் ஒன்றைச் சொல்கிறவருக்கு ஒரு பலாப்பழம் பரிசு.

முதல் வாரம் குரங்கு எழுந்தது. "காடு தீப்பிடித்து எரிந்தபோது, வரிவேந்தன் பாறைமேல் உட்கார்ந்து பாட்டுப் பாடியது, ராஜா" என்றது. பலாப்பழம் கிடைத்தது.

அடுத்த வாரம் கரடி, "பாடியது மட்டுமா? தீ வைத்ததே அதுதான்" என்றது. அதற்கு இரண்டு பழம்.

மூன்றாம் வாரம் மயில் வந்து, "அந்தப் பாட்டில் சுருதியும் சேரவில்லை" என்றது. சிங்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் ஒன்று கொடுத்தது.

நான்காம் வாரம் நரியின் முறை. மிச்சம் மீதி அநியாயம் எதுவும் நரிக்குக் கிடைக்கவில்லை. தலையைச் சொறிந்தபடி நின்ற அதன் கண்ணில், கடைசி வரிசையில் புல் மென்றுகொண்டிருந்த பொதியப்பன் பட்டது. அந்தக் காட்டின் ஒரே கழுதை அதுதான்.

"ராஜா, வரிவேந்தன் ஒரு கழுதையை மந்திரியாக்கியது. சால்வை போர்த்திப் பக்கத்தில் உட்காரவைத்து யோசனை கேட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்" என்றது நரி.

நடந்தது வேறு. நரி சொன்ன அசட்டு யோசனை ஒன்றைக் கேட்டுச் சலித்துப்போன புலி, "உன்னைக் கேட்டதற்கு அந்தக் கழுதையையே மந்திரியாக வைத்திருக்கலாம்" என்றது. அவ்வளவுதான் சங்கதி. சால்வையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆனால் சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. முயல் தலை வணங்கியது. மான் எழுந்து இடம் விட்டது. பொதியப்பனுக்கு இப்படியொரு மரியாதை பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை.

"ஆமாம், இரண்டு வருஷம் இருந்தேன்" என்று அது சொல்லிவிட்டது.

அந்த வாரம் முழுக்கத் தலை நிமிர்ந்து திரிந்தது. "மந்திரியாரே, சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், "ஏதோ இருக்கிறேன்" என்று இழுத்துப் பதில் சொன்னது. பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சிங்கம் கர்ஜித்தது. "அத்தனை அநியாயத்துக்கும் துணை நின்ற மந்திரியை இந்தக் காட்டில் வைத்திருக்க மாட்டேன். இன்றே ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும்."

ஆற்றுக்கு அந்தப்பக்கம் செங்கல் சூளை இருக்கிறது. அங்கே முதுகு ஒடியச் செங்கல் சுமந்து, ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு தப்பி வந்த கழுதைதான் பொதியப்பன்.

"ராஜா, நான் மந்திரியே இல்லை. சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

"பார்த்தீர்களா ராஜா, பொய் வேறு சொல்கிறது" என்றது நரி. "மந்திரிதான், மந்திரிதான்" என்று குரங்கும் கரடியும் மயிலும் சேர்ந்துகொண்டன.

பொதியப்பன் அழுதுவிட்டது. அழுது முடித்ததும், என்றைக்கும் வராத யோசனை ஒன்று அன்றைக்கு வந்தது.

"சரி ராஜா, நான் மந்திரிதான், போகிறேன். போவதற்கு முன்னால் ஒரு சேதி. வரிவேந்தன் காலில் விழுந்து யார் யார் என்னென்ன சொல்லிப் புகழ்ந்தார்கள் என்பது மந்திரிக்குத்தானே தெரியும்? அதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறேன். முதலில் குரங்கு."

உண்மையில் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த நாளில் அது புல்லைத் தவிர வேறு எதையும் கவனித்ததில்லை.

குரங்குக்கு இருமல் வந்தது. "ராஜா, இப்போது நினைத்துப் பார்த்தால், கழுதை மந்திரியாக இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை."

"கழுதையாவது, மந்திரியாவது" என்றது கரடி.

"அடுத்தது நரி" என்றது பொதியப்பன்.

"அன்றைக்குக் கண்ணில் தூசி விழுந்திருந்தது, ராஜா" என்றது நரி அவசரமாக.

சிங்கம் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்படியானால் அந்தத் தீ?"

"கோடைக் காலம். மூங்கில் உரசியும் பிடித்திருக்கலாம்" என்று கரடி முணுமுணுத்தது.

"பாட்டு?"

"பாடியதோ, 'எல்லாரும் ஆற்றுக்கு ஓடுங்கள்' என்று கத்தியதோ, யார் கண்டது? நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம், ராஜா" என்றது குரங்கு.

"எதுவானாலும் சுருதி சேரவில்லை" என்றது மயில்.

சிங்கம் கழுதையை அருகே அழைத்து, "நீ இங்கேயே இரு. ஒன்று மட்டும் சொல். நான் செத்த பிறகு இவர்கள் என்னைப்பற்றி என்ன சொல்வார்கள்?" என்று மெதுவாகக் கேட்டது.

"அடுத்த ராஜாவுக்கு எதைக் கேட்கப் பிடிக்குமோ அதைத்தான், ராஜா" என்றது பொதியப்பன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபை கூடவில்லை.

நீதி: பழி சொன்னால் பரிசு கிடைக்கும் இடத்தில் கேட்ட கதையை நம்பாதே.