புலி அந்தரத்தில் நின்ற கதை

முள்ளங்காட்டு ஜமீன்தார் வச்சிரவேலர் ஒருநாள் காலை கடுஞ்சினம் கொண்டார். வெற்றிலைப் பெட்டி ஏந்தும் மாடக்கண்ணு, வாய் திறந்தாலே "வந்து, வந்து" என்று இழுத்ததே அதற்குக் காரணம்.

"அந்திக்குள் பொருளில்லாத சொல் ஒன்று உன் வாயிலிருந்து விழுந்தாலும் வேலை போச்சுடா!" என்று ஆணையிட்டார்.

மதிய விருந்து முடிந்ததும், ஜமீன்தார் வழக்கம்போல் விருந்தினருக்குத் தமது புலிவேட்டையைச் சொல்லத் தொடங்கினார். அருகில் நின்று ஊம் கொட்டுவது மாடக்கண்ணுவின் பணி.

"புதர் அசைந்தது..." என்று நிறுத்தினார். நிசப்தம்.

"புலி என்மீது பாய்ந்தது..." மீண்டும் நிசப்தம். விருந்தினர் ஒருவர் கொட்டாவி விட்டார். ஜமீன்தாருக்கு அடுத்த வரி நாவில் எழவே இல்லை.

"ஏனடா, ஊம் கொட்டாமல் கல்லாய் நிற்கிறாய்?"

மாடக்கண்ணு கைகட்டிப் பணிந்தான். "எசமான், ஊம் என்பதற்கு என்ன பொருள் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகுட்டிக்காரன், வேலை போய்விடுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன்."

விருந்தினர் குலுங்கிச் சிரித்தனர். மீசையை முறுக்கிப் பார்த்தும் ஜமீன்தாரால் சிரிப்பை அடக்க இயலவில்லை.

"அடப் போக்கிரி! புலி அந்தரத்தில் நிற்கிறதடா! உத்தரவு ரத்து, ஊம் கொட்டித் தொலை!"

"ஊம்" என்றான் மாடக்கண்ணு. புலி தரையிறங்கியது.