மூன்று ஜாடி, ஒரு நாக்கு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள், வீரகேது என்றொரு மன்னர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் எழுந்தால் என்ன ஆசை வரும் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் மொரித்தா என்ற ஜப்பானிய வணிகர் மூன்று ஜாடிகளோடு சபைக்கு வந்தார். மூன்றிலும் சாக்கே என்னும் அரிசி மது.

"அரிசியைத் தீட்டத் தீட்ட மதுவின் தரம் கூடும், அரசே. ஒன்று லேசாகத் தீட்டிய அரிசி. ஒன்று இன்னும் கொஞ்சம். ஒன்று பாதியாகும்வரை தீட்டியது" என்றவர், எது உயர்ந்தது, எது மட்டம் என்று ஓர் ஓலையில் எழுதி மன்னரிடம் கொடுத்தார்.

மன்னர் ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தாண்டவா, ருசித்துப் பார்த்து வரிசை சொல்" என்றார்.

தாண்டவன் அந்தச் சபையின் விகடகவி. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மதுவைத் தொடுவதில்லை என்று மாமியார் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான்.

அமைச்சர் விருத்தகிரிக்குத் தாண்டவனைக் கண்டாலே வயிறு எரியும். "மகா புத்திசாலி ஆயிற்றே, அரசே! தன் நாக்கில் ஒரு சொட்டும் படாமல் வரிசை சொல்லட்டும். தவறினால் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டே போகட்டும்" என்றார்.

மன்னருக்கு இந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்!"

பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாண்டவன் எங்கே போவான்? தலையைச் சொறிந்தான்.

"என் நாக்கில்தானே படக்கூடாது, பிரபு? அமைச்சர் நாக்கில் படலாமா?"

"தாராளமாக."

ஜாடிகள் இருந்த வரிசையிலேயே மூன்று கிண்ணங்கள் நிரப்பி அமைச்சர் முன் வைக்கப்பட்டன. அவர் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மூன்றும் ஒன்றுதான். வெறும் கழுநீர்" என்றார். உண்மையைச் சொல்லித் தாண்டவனைக் காப்பாற்ற அவருக்கென்ன பைத்தியமா?

தாண்டவன் வாதாடவில்லை. "மொரித்தா ஐயா, உங்கள் நாட்டு வழக்கப்படி அமைச்சரை விருந்தினராகக் கவனியுங்கள்" என்று மட்டும் சொன்னான். விருந்தினரின் கிண்ணம் காலியாக இருப்பது அவர்கள் நாட்டில் பெரிய மரியாதைக் குறைவு.

பிறகு சபையோரிடம் அமைச்சரின் பெருமைகளைப் பேச ஆரம்பித்தான். அவருடைய அறிவு, அழகு, மீசை, அவர் வெட்டாத குளம், போகாத போர், எதையும் விடவில்லை. அமைச்சர் கண்ணை மூடி ரசித்தார். ரசிக்க ரசிக்கக் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது. கிண்ணம் காலியாகும் போதெல்லாம் மொரித்தா ஓடிவந்து நிரப்பினார்.

ஒரு நாழிகை கழித்துத் தாண்டவன் பேச்சை நிறுத்தினான். "பிரபு, நடு ஜாடி முதல் தரம். வலது ஜாடி இரண்டாவது. இடது ஜாடி கடைசி."

மன்னர் ஓலையைப் பிரித்தார். அப்படியே இருந்தது.

"அநியாயம்! நான் ஒன்றுமே சொல்லவில்லையே!" என்று அமைச்சர் குளறினார்.

"நீங்கள் எங்கே சொன்னீர்கள், ஐயா? நடுக் கிண்ணத்தை மொரித்தா ஏழு தடவை நிரப்பினார். வலது கிண்ணத்தை மூன்று தடவை. இடது கிண்ணம் நீங்கள் முதல் வாய் குடித்தபடியே இருக்கிறது."

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். தள்ளாடி எழுந்த அமைச்சர் முந்திக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

"என் பெருமை இப்போதாவது தெரிந்ததே, மன்னா! போடுங்கள்!"

மாலை தாண்டவன் கழுத்தில் விழுந்தது. அமைச்சரை வீட்டுக்குத் தூக்கிப்போக நாலு பேர் வேண்டியிருந்தது. ஐந்தாவதாக ஒருவனும் வந்தான், நடு ஜாடியை அவர் பிடியிலிருந்து விடுவிக்க. அவனால் முடியவில்லை.