இன்னும் வாசிக்க வராதவர்கள்

அறவாழி ஐயா முப்பத்தோரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தியவர். பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அவருடைய ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், வாசிக்கவே தெரியாத ஒரு பிள்ளையாவது உட்கார்ந்திருக்கும். படி என்றால் எழுந்து நின்று தரையைப் பார்க்கும். இது எங்கே தொடங்குகிறது என்பது ஓய்வு பெறும் நாள்வரை அவருக்குப் பிடிபடவில்லை.

ஓய்வு பெற்ற மறு மாதமே கடலோரக் குப்பத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போனார். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை தில்லைநாயகிக்கு வயது இருபத்தொன்பது. அவரிடம் படித்த பிள்ளை ஒன்றுகூட வாசிக்கத் தெரியாமல் இரண்டாம் வகுப்புக்குப் போனதில்லை என்று ஊரில் பேச்சு.

“உங்களிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன், டீச்சர்.”

“ஐயாவுக்கு நான் என்ன சொல்லித் தர்றது?”

“எனக்குத் தெரியாததை.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாயைக் காட்டினார்.

“அப்ப கீழ உக்காருங்க. நாற்காலியில உக்காந்தா பிள்ளைங்க வாய் தெரியாது.”

பத்தொன்பது பிள்ளைகளில் பின்தங்கிய ஐந்து பேரை டீச்சர் அவரிடம் விட்டார். அதில் ஒருத்தி பவளம். கருவாடு விற்கும் செண்பகவல்லியின் மூத்த மகள். குரல் மட்டும் வகுப்புக்கே கேட்கும்.

புரட்டாசி வருவதற்குள் எந்த எழுத்தைத் தொட்டாலும் பவளம் பெயர் சொன்னாள். ஐயாவுக்கு உள்ளூரப் பெருமைதான். ஒருநாள் பலகையில் ‘படம்’ என்று எழுதினார்.

“பானா, டானா, இம்மன்னா,” என்றாள்.

“சரி. சேர்த்துச் சொல்லு.”

“பானாடானாஇம்மன்னா.”

எப்படிக் கேட்டுப் பார்த்தும் அதுவேதான் வந்தது. இடைவேளையில் டீச்சரிடம் போனார்.

“எழுத்தெல்லாம் தெரிகிறது. ஒரு சொல்கூட வாசிக்க வரவில்லை. ஏன்?”

டீச்சர் பதில் சொல்லாமல் வாசலுக்குப் போய் நின்றார். பிள்ளைகள் பூவரச மரத்தடி மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“பானா, வானா, ளானா, இம்மன்னா. இங்க வா,” என்று உரக்கக் கூப்பிட்டார்.

யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். அப்போதும் விளையாட்டு நிற்கவில்லை.

“பவளம்,” என்றார்.

மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள்.

“பேர்ல ஒரு எழுத்தைக்கூட நான் விடல, ஐயா,” என்றார் டீச்சர். “வந்தாளா?”

அறவாழி ஐயா உள்ளே போய்ப் பலகையில் இருந்த ‘படம்’ என்ற சொல்லை அழித்தார்.

மறுநாள் முதல் பானாவும் டானாவும் நின்றன. எழுத்தின் பெயரை விட்டுவிட்டு அதன் ஓசையைப் பிடித்தார். ஒன்றின் ஓசை அடங்குவதற்குள் அடுத்ததைத் தொடச் சொன்னார். முழங்கால் வலிக்கத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தார். கார்த்திகைக்குள் மூன்று பேருக்குச் சொல் வந்துவிட்டது. பவளத்துக்கும் முகிலன் என்ற பையனுக்கும் வரவில்லை. அதோடு பவளத்தின் குரலும் போய்விட்டது. பலகையையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

“முன்பு சத்தமாகவாவது சொல்லிக்கொண்டிருந்தாள்,” என்றார் டீச்சரிடம். “தெரிந்ததையும் நான் பிடுங்கிவிட்டேன் போலிருக்கிறது.”

“உதட்டைப் பாருங்க, ஐயா.”

பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. பயத்தில் நடுங்குகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

மார்கழியில் ஒருநாள், செண்பகவல்லி இடுப்பில் கூடையோடு பள்ளிக்கு வந்தாள்.

“எனக்கும் படிப்பு வரல, அவங்கப்பாவுக்கும் வரல. இவளுக்கும் வராதுன்னா சொல்லிடுங்க, ஐயா. கைப்பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டோட இருக்கட்டும். நான் நிம்மதியா யாவாரத்துக்குப் போவேன்.”

“பொங்கல் கழியட்டும்மா. சொல்கிறேன்.”

பொங்கல் கழிந்தது. நாளைக்கு வருகிறேன் என்று செண்பகவல்லி ஆள் விட்டிருந்தாள். அன்று மத்தியானம் ஐயா பாயில் உட்கார்ந்து, பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு, தன் நோட்டைத் திறந்தார். பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்து உருண்டையாக, தெளிவாக விழுந்தது. ‘இன்னும் வாசிக்க வராதவர்கள்’ என்று தலைப்பிட்டார். அதன் கீழே இரண்டு பெயர் எழுதினார். பேனாவை மூடிவிட்டு வெளியே கடலைப் பார்த்தபடி இருந்தார்.

“இ... ன்னு... ம். இன்னும்.”

வேறு யாரோ படிக்கிறார்கள் என்று நினைத்தார்.

“வா... சி... க்க. வாசிக்க.”

திரும்பினார். பென்சில் சீவ வந்த பவளம் நோட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். விரல் வரியின் மேல் ஊர்ந்தது.

“வ... ரா... த... வ... ர்... கள்.” விரல் மறுபடியும் முதல் எழுத்துக்குப் போனது. “வராதவர்கள்.”

அடுத்த வரியை அவள் பிரிக்கவில்லை. “பவளம்,” என்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஐயா, இது நானா?”

அவர் சட்டென்று உள்ளங்கையால் பக்கத்தை மூடினார். அவள் அந்தக் கையை ஒவ்வொரு விரலாக எடுத்து நகர்த்தினாள். கீழே இன்னொரு வரி வாசிக்காமல் கிடந்தது.

“மு... கி... லன். டேய் முகிலா, உம்பேரும் இருக்குடா.”

பழைய குரல். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. பவளம் முதுகை நிமிர்த்திக்கொண்டு, யாரும் கேட்காமலே, மூன்று வரியையும் முதலிலிருந்து மறுபடியும் வாசித்தாள். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை.

ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய மாணவர்கள் மாவட்டத்தில் முதலிடம் வாங்கியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் யாரையும் தேடிப் போய்ச் சொன்னதில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு, பலகை அருகே நின்ற டீச்சரிடம் போனார்.

“நான் சொல்லித் தந்த சொல் ஒன்றுகூட இதில் இல்லை, டீச்சர். தானாக வாசித்தாள்.”

“கேட்டுச்சு, ஐயா.” டீச்சரின் கண் பவளத்தை விட்டு நகரவில்லை. “அவங்கம்மா நாளைக்குத்தானே வர்றாங்க?”

“ஆமாம். எப்படிச் சொன்னால் நம்புவார் என்று தெரியவில்லை. முதலில் இந்தப் பெயரை அடித்துவிடுகிறேன்.”

பேனாவைத் திறந்தார். டீச்சர் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

“அடிக்காதீங்க, ஐயா. அந்தத் தாளைக் கிழிச்சு அவகிட்டயே குடுங்க. நாளைக்கு அம்மா வந்ததும், அவளே வாசிச்சுக் காட்டட்டும்.”