பனிப் பள்ளத்து யூக்கா

அந்த யூக்கா பிழைத்துக்கொண்டது என்று தெய்வானை சொன்னதை ஆரோக்கியநாதன் ஏழு வருஷமாக நம்பவில்லை. நம்புகிறவரைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டு, அவளுடைய தோட்டத்திலேயே தங்கி, அவளிடமே வேலை கற்றுக்கொண்டு, நம்பாமல் இருந்தார். அது எவ்வளவு பெரிய பாரம் என்று சுமந்தவருக்குத்தான் தெரியும்.

ஊட்டிக்கு அப்பால், மார்கழியில் புல் வெள்ளையாக உறைந்துபோகும் ஒரு பள்ளத்தில் இருந்தது அந்தத் தோட்டம். சுற்றிலும் கேரட்டும் தேயிலையும். நடுவில் மட்டும், பார்க்கிறவர்கள் சிரிக்கும்படியாக, பாலைவனச் செடிகள். வாள்போல் இலை நீட்டிய யூக்காக்கள், சாம்பல் பூத்த கற்றாழைகள், தரையோடு படர்ந்த சப்பாத்திக்கள்ளிகள்.

தெய்வானை முன்பு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். ஒரு பழைய பங்களாவை இடித்தபோது குப்பையில் எறிந்த செடிகளை முதுகில் சுமந்து கொண்டுவந்தாள். இந்தக் குளிரில் ஒரு மாதம் தாங்காது என்றார்கள். அவள் சரளைக் கல்லை முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவித்து, வெயில் அதிகம் விழும் சரிவில் நட்டாள். தலைக்கு மேல் மழைக்கு ஒரு தகடு, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறப்பு. போர்வை கிடையாது, வைக்கோல் கிடையாது. பனி பெய்கிற பள்ளத்தில் அவை அப்படியே நின்றன. ஆனியில் ஆளுயரத் தண்டு விட்டு வெள்ளை மணிகளாகப் பூத்தபோது, சிரித்தவர்கள் வேலியோரம் வந்து வாயடைத்து நின்றார்கள்.

ஆரோக்கியநாதனும் அப்படி வேலியோரம் வந்து நின்றவர்தான். அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் ஆண் நர்ஸாக இருந்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“எனக்கு ஏதாவது சொல்லித்தாங்கம்மா” என்றார்.

“உங்க வயசென்ன?”

“அம்பத்தொண்ணு.”

“எனக்கு நாப்பத்திரண்டு. நீங்கதான் எனக்குச் சொல்லித்தரணும்.”

“என்கிட்ட ஒரு கேள்வி மட்டும்தான் இருக்கு.”

“கேளுங்க.”

சொன்னார். வார்டில் ஒரு மத்தியானம். வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த லாரி டிரைவர் ஒருவர், ‘அண்ணே, ஒரு வாய்த் தண்ணி’ என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் கொடுக்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றக்கூட இல்லை. மறுநாள் அந்த மனிதர் போய்விட்டார்.

“கொடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா?” என்று கேட்டாள் தெய்வானை.

“மாட்டார். அது எனக்குத் தெரியும்.”

“அப்புறம்?”

“தாகத்தோட போனாரேம்மா. நான் கொடுத்திருக்கணுமா, கூடாதா?”

தெய்வானை செடிகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“கார்த்திகை பொறந்துடுச்சு. இனிமே பங்குனி முடியுற வரைக்கும் இதுங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது. பார்த்துக்குங்க, நர்ஸய்யா.”

டாக்டர் சொன்ன அதே வார்த்தை.

இரண்டே வாரத்தில் செடிகள் சுருங்கத் தொடங்கின. சப்பாத்திக்கள்ளிகள் காற்றுப் போன பந்துபோல் தரையில் சப்பிக் கிடந்தன. யூக்காவின் இலைகள் மினுமினுப்பு இழந்து, ஓரம் உள்பக்கமாக மடங்கித் தொங்கின. வயிற்றுப்போக்கில் வந்த குழந்தைகளுக்கு உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று தோலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தார். மடிப்பு அப்படியே நின்றது. வார்டாக இருந்தால் உடனே பாட்டில் மாட்டியிருப்பார்.

“வாடுதேம்மா” என்றார்.

“வாடலை. தயாராகுது. உள்ளே தண்ணி நிறைய இருந்தா பனி அதைப் புடிச்சு உறைய வச்சிடும். அதுக்கு முன்னாடியே அது தன் தண்ணியை இறக்கி வச்சிடுது. குளிர் இதுங்களைக் கொல்லாது. ஈரம்தான் கொல்லும்.”

“குளிர் வரப்போறது செடிக்கு எப்படித் தெரியும்?”

“என்னைக் கேட்டா? அதைத்தான் நானும் வருஷா வருஷம் ஆச்சரியமா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

பக்கத்துக் கேரட் தோட்டத்துப் போஜன், விடிந்ததும் குழாயைத் திறந்து பயிர்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பனி விழுந்தால் வெயில் ஏறும் முன் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

“என்ன நர்ஸு,” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். “ஊரே தண்ணி அடிக்குது, உங்கம்மா செடியெல்லாம் விரதமா? அடுத்த மாசம் காவி கட்டி விட்டுடுவாங்களோ?”

ஆரோக்கியநாதன் சிரிக்கவில்லை. இன்னொரு முறை தன் கண்ணெதிரே ஒரு உயிர் தாகத்தோடு போவதை அவரால் பார்க்க முடியாது. அவருடைய பெட்டியின் அடியில் ஒரு பழைய குளுக்கோஸ் பாட்டிலும் குழாயும் கிடந்தன. மூலையில் சிமென்ட் தொட்டியில் இருந்த, எல்லாவற்றிலும் சிறிய யூக்காவுக்குப் பின்னால், சாக்கு மறைவில் அதைக் கட்டினார். தண்ணீர் நிரப்பினார். நிமிஷத்துக்குப் பத்துச் சொட்டு.

ஒன்பது நாளில் அந்த யூக்கா நிமிர்ந்தது. இலை பளபளத்தது. தெய்வானை அந்தப் பக்கம் போனபோது ஒரு நிமிஷம் நின்றாள்.

“இது மட்டும் நல்லாப் பச்சையா இருக்கே” என்றாள். போய்விட்டாள்.

அந்த வாரம்தான் அவர் பல வருஷங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

தை பிறந்த மூன்றாம் நாள் பெரும் பனி விழுந்தது. காலையில் பள்ளம் முழுக்க உப்பு கொட்டியதுபோல் இருந்தது. வாளியில் இருந்த தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. வெயில் ஏற ஏற, சுருங்கிக் கிடந்த செடிகள் பனியை உதறிவிட்டு, நேற்று இருந்த மாதிரியே இருந்தன. மூலைத் தொட்டி யூக்காவின் இலைகள் மட்டும் உள்ளே விளக்கு வைத்ததுபோல ஊடுருவித் தெரிந்தன. அதற்கு மூன்றாம் நாள் அவை கறுத்தன. தொட்டதும் குருத்து கையோடு வந்தது. புளித்த வாடை அடித்தது.

தெய்வானை கத்தியை எடுத்து வந்து மண்மட்டம் வரை எல்லாவற்றையும் அறுத்தெடுத்தாள். சாக்கை விலக்கிப் பாட்டிலைப் பார்த்தாள். அவிழ்த்து, கழுவி, அவருடைய அறை ஜன்னல் கொக்கியில் கொண்டுபோய் மாட்டினாள்.

“உங்க பாட்டில், நர்ஸய்யா.”

“செடி வாடிக் கிடந்துச்சும்மா...”

“செடியா வாடுச்சு?”

அவர் துணிமணிகளை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

“தொட்டியை யாரும் தொட வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். நீங்களும் இருங்க.”

இருந்தார். சரளை சுமந்தார், களை எடுத்தார். சித்திரை வந்து எல்லாச் செடிக்கும் தண்ணீர் விடும் காலம் வந்தபோது பூவாளியை மட்டும் தொடவில்லை. தெய்வானையும் தொடச் சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு நாள் அவள் கூப்பிட்டாள். வெறும் மண்ணாகக் கிடந்த தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு குருத்து.

“வேர் பிழைச்சிருக்கு, நர்ஸய்யா. மேலே செத்தாலும் கீழே இருந்து வந்துடுச்சு பாருங்க.”

ஆரோக்கியநாதன் அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அதைப் பார்த்தார். வாசலோரத்துப் பெரிய யூக்காவின் அடியில் புதிதாக ஒரு வெட்டு. வெட்டின வாயில் சாம்பல் பூசியிருந்தது. பக்கக் கன்று ஒன்றைப் பிரித்தெடுத்தால் அப்படித்தான் பூசுவாள்.

கன்றுகளை அவள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறவள். அந்த வாரமும் யாருக்காவது கொடுத்திருக்கலாம். ஆனால் தொட்டியின் மண் கொஞ்சம் கிளறினதுபோலவும் இருந்ததே?

அன்று நுழைந்த சந்தேகம் வெளியே போகவில்லை. வேர் நிஜமாகவே பிழைத்திருந்தால் அவர் ஒரு உயிரைக் கொல்லவில்லை. அவள் கன்றை நட்டிருந்தால், அவர் அழக்கூடாதே என்று இரக்கப்பட்டு நட்டிருக்கிறாள். அவர் கொடுக்காமல் விட்ட அந்த ஒரு வாய்த் தண்ணீரை அவருக்கே கொடுத்திருக்கிறாள். அதை அவர் குடித்திருக்கலாமா?

வந்தவர்களிடமெல்லாம் தெய்வானை அந்த யூக்காவைக் காட்டி, “இது செத்துப் பிழைச்சது” என்பாள். அவர் வேறு பக்கம் பார்ப்பார். செடி இடுப்புயரம் வளர்ந்தது. இரண்டு முறை பூத்தது. குளிர்காலம் தோறும் சுருங்கி, பனியில் நின்று, நிமிர்ந்தது. சித்திரை தோறும் தெய்வானைதான் அதற்குத் தண்ணீர் விட்டாள்; அவர் பூவாளியைத் தொடவில்லை. அதன் அழகை வாய்விட்டுப் புகழக்கூட அவரால் முடியவில்லை. எதைப் புகழ்வது, செடியையா, பொய்யையா?

எட்டாவது மார்கழியில், புல்லில் பனி இன்னும் கரையாத ஒரு காலையில், கேட்டுவிட்டார்.

“அம்மா, அன்னைக்கு இந்தத் தொட்டியில வேற கன்னு வச்சீங்களா?”

தெய்வானை திடுக்கிடவில்லை.

“இத்தனை வருஷம் இந்தக் கேள்வியை எங்கே வச்சிருந்தீங்க?” என்றாள். கொட்டகைக்குள் போய்க் களைக்கொத்தை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். “தோண்டிப் பாருங்க. ஒரு சாண் கீழே பழைய கட்டை இதோட ஒட்டிக்கிட்டிருந்தா அதே செடி. இல்லேன்னா நான் பொய் சொன்னவ.”

சொல்லிவிட்டு எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆரோக்கியநாதன் மண்டியிட்டார். கொத்தின் முனை தொட்டி மண்மேல் பரப்பியிருந்த சரளைக்குள் இறங்கியது. கல் சில்லென்றிருந்தது. இந்தக் குளிரில் ஒரு வேர் அறுந்தாலும் அந்தக் காயம் ஆறாது, ஈரம் ஏறி அழுகும். இப்போது அது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

செடியைப் பார்த்தார். இலைகள் ஓரம் மடங்கி, நிறம் மங்கி, தன்னிடம் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு நின்றது. ஒரு இலையை மெதுவாகக் கிள்ளினார். மடிப்பு அப்படியே நின்றது. இலையை அப்படியே விட்டுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் போஜன் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“தோண்டலையா, நர்ஸய்யா?”

கொத்தை வெளியே எடுத்தார். விலகின சரளையை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். முனையில் ஒட்டின மண்ணை வேட்டியில் துடைத்து, அவளிடம் திருப்பி நீட்டினார்.

“சித்திரை பொறந்ததும் இதுக்கு நான் தண்ணி ஊத்தட்டுமாம்மா?”