கிழக்குத் தூணில் நிற்பவள்

“அவளுக்கு ஒரு சேலை கட்டுங்கள். இல்லையென்றால் நான் மலையிறங்கிவிடுகிறேன்” என்றார் மருதப்பர்.

அறுபது வயதில் அரிசிக் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, துறவு கேட்டு மலை மடத்துக்கு வந்தவர். மடத்துக்குத் தலைவி குழந்தையம்மை. அவரைவிட இளையவள். தலை மழித்தவள். வரும் பௌர்ணமியில் அவருக்குக் காவி தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யாருக்கு ஐயா சேலை?”

“கிழக்குத் தூணில் நிற்கிறாளே, அந்தக் கல் பெண்ணுக்கு. இடுப்புக்கு மேல் பொட்டுத் துணி இல்லை. அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான் எப்படி ஜபம் செய்வது? இந்தக் கோலத்தில் காவி வாங்கினால் எனக்கு நரகம்தான்.”

அம்மை தன் காவி முந்தானையில் ஒரு சாண் அகலம் கிழித்து நீட்டினாள்.

“இது அவளுக்கு எந்த மூலைக்கு, தாயே?”

அம்மை ஒரு விரலால் தன் இரு கண்களையும் தொட்டுக் காட்டினாள்.

மருதப்பர் கண்ணைக் கட்டிக்கொண்டார். கட்டிய கண்ணோடு சோற்றை மூக்குக்கு ஊட்டினார். அம்மை என்று நினைத்து மடத்துப் பசுவை விழுந்து கும்பிட்டார். பசு ஆசீர்வதித்ததாகவும் மலையில் பேச்சு உண்டு.

சில நாள் கழித்துத் தடவித் தடவி வந்தார்.

“தாயே, மோசம் போனேன். அவள் தூணைவிட்டு இறங்கிவிட்டாள். என் பாயைச் சுற்றி நடக்கிறாள். ஒருத்தி போய் ஏழு பேர் ஆகிவிட்டார்கள்.”

“ஏழும் அவள்தானா?”

“தெரியவில்லை. யாருக்கும் முகம் இல்லை.”

“தூணில் அவள் முகம் எப்படி இருக்கும்?”

மருதப்பர் கண்கட்டைத் தடவிக்கொண்டார்.

“இத்தனை நாள் எதிரே உட்கார்ந்தீரே?”

“கண் கழுத்துக்கு மேலே போனதில்லை, தாயே.”

“போய் முகத்தைப் பார்த்துவிட்டு வாரும்.”

கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். அண்ணாந்து பார்த்தார்.

அவள் உதட்டைக் கடித்திருந்தாள். புருவம் சுருங்கியிருந்தது. கண்கள் கீழே எதையோ பார்த்தன.

மருதப்பரும் அங்கே பார்த்தார்.

ஒரு காலில் நின்று, மறு காலை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தாள். குதிகாலில், சிற்பி விட்டுவைத்த எள்ளளவு கல்.

முள்.

வெகுநேரமாகியும் மருதப்பர் திரும்பவில்லை. கீரைத் தட்டோடு அம்மையே எழுந்து போய்ப் பார்த்தாள்.

அவர் அந்தக் காவித் துணியைக் கல் பாதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இறுக்காதீர். வலிக்கும்” என்றாள் அம்மை.