முதல் கரண்டி

பாக்கியத்தாய் மடத்துக்குள் வந்தபோது குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளைவிடப் பத்து வயசு இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் சாமி. வாராவாரம் வந்து எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவாள்.

அன்றைக்கு அவள் உட்காரவில்லை.

"சாமி, என் கம்பெனியில நாப்பது பொம்பளைங்க வேலை பாக்காங்க. ஒருத்திக்குக்கூடவா நாக்கு இல்லை?"

"என்னாச்சுக்கா?"

அவள் பேரைப் போட்டு விற்கும் இட்லிப் பொடி எல்லாக் கடையிலிருந்தும் திரும்பி வந்துவிட்டது. வாயில் வைக்க முடியாத உப்பு. மாசி மாசம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததிலிருந்து அவள் நாக்குக்கு உப்பு மட்டும் சரியாகத் தெரியவில்லை. அதுவே டாக்டர் சொல்லித்தான் இப்போது தெரிந்தது. அதுவரைக்கும் பத்தலை, பத்தலை என்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

"தினமும் காலையில ருசி பாக்கோம் சாமி. பத்துப் பேர் வரிசையா நிப்பாங்க. அத்தனை பேரும் நல்லா இருக்குன்னாங்க."

"முதல்ல யார் ருசி பாக்கிறது?"

"நான்தான்."

"பாத்துட்டு?"

"நல்லா இருக்குன்னு சொல்லி..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவளே சொன்னாள். "ஒருத்தியைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். நீங்க நல்லா இருக்குன்னீங்களேம்மா, எங்களுக்குத்தான் நாக்கு சரியில்லையோன்னு நினைச்சோம்னு சொல்லுதா."

குரு ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். "உப்பு கூடுதல்னு யாருமே சொல்லலையா?"

பாக்கியத்தாய் கீழே உட்கார்ந்தாள்.

"ஒருத்தி சொன்னா சாமி."

இசக்கியம்மாள். பொடி விற்க ஆரம்பித்த காலத்தில் ரெண்டு பேரும் ஒரே உரலில் மாற்றி மாற்றி இடித்தவர்கள். ஒருத்தியை ஒருத்தி ஏட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்போதெல்லாம் ருசி பார்க்கிற முதல் கரண்டி இசக்கிக்குத்தான். கம்பெனி பெரிசாகி, பாக்கெட்டில் பாக்கியத்தாய் முகம் வந்த பிறகு, அது இவளிடம் வந்துவிட்டது. இவள் கேட்கவும் இல்லை. இசக்கி மறுக்கவும் இல்லை.

மூணு மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், இசக்கி தன் முறை வந்ததும் வாயில் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஏட்டி, இது வயல்ல விளைஞ்ச உளுந்தா, கடல்ல விளைஞ்ச உளுந்தா?" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்துவிட்டது.

"நீங்க சிரிச்சீங்களாக்கா?"

"அந்தக் காலமா இருந்தா நானும் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலை சாமி. அவ கையில இருந்த கரண்டியைப் பிடுங்கிட்டேன். நாளையிலருந்து அட்டைப்பெட்டி ஒட்டப் போன்னேன். மத்தவங்க மாதிரி முதலாளியம்மான்னு கூப்பிடப் பழகுன்னேன்."

"ஒட்டுனாங்களா?"

"நாலு நாள் ஒட்டுனா. அஞ்சாம் நாள் வரலை."

குரு அடுத்த கீரைக்கொத்தை எடுத்தார். அவளே தொடர்ந்தாள்.

"அவ திரும்பி வந்தாத்தான் கம்பெனி நிக்கும். எனக்கு நாக்கும் இல்லை, உள்ளதைச் சொல்ல ஆளும் இல்லை."

"அவங்க வீடு தூரமா?"

"ரெண்டு தெரு தள்ளி."

"போய்ட்டு வாங்க."

மறுநாள் மத்தியானமே அவள் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"போனேன் சாமி. நாற்காலியைத் துடைச்சுப் போட்டா. உக்காருட்டின்னு எத்தனை வாட்டி சொல்லியும் அவ உக்காரலை. என்னைப் பழையபடி ஏட்டின்னு கூப்பிடுன்னேன். சரிங்கம்மான்னா."

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேக்கத்தான் போனேன். அதுக்கு முன்ன, கொண்டுபோன பொடியில ஒரு கரண்டி எடுத்து அவ உள்ளங்கையில போட்டேன். எப்படி இருக்குன்னு சொல்லுட்டின்னேன். நல்லா இருக்கும்மான்னுட்டா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுல ரெண்டு பங்கு உப்பு சாமி. நானே அளந்து போட்டது. இன்னும் உள்ளதைத்தான் சொல்லுதாளான்னு பாக்கப் போட்டேன். அவளும் பொய் சொல்லிட்டா. மன்னிப்பும் கேக்கலை, ஒண்ணும் கேக்கலை, எழுந்து வந்துட்டேன். இனி நான் யாரை நம்புவேன்?"

அன்றைக்கும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவின் கை நின்றது.

"அந்தக் கரண்டிப் பொடியையும் தின்னாங்களா?"

"தின்னா."

"துப்பலையா?"

"இல்லை. முழுங்கினா. கண்ணு கலங்கிப் போச்சு. அப்பவும் நல்லா இருக்கும்மான்னுதான் சொன்னா."

"தண்ணி கேட்டாங்களா?"

"கேக்கலை."

குரு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஒரு வாய்த் தண்ணி எடுத்துக் குடுத்தீங்களாக்கா?"