வரவேண்டிய நிறம்

"இந்த ஜனங்க கையில டியூபக் குடுக்கறதே வீண் வேலை," என்றார் ஏகாம்பரம்.

செல்வநாயகி அறிவியல் வேனின் பின்பக்கம் உட்கார்ந்து சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் முப்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். அவருடைய ஆய்வகத்தில் குழாய் கழுவியவள்தான் செல்வநாயகி. இன்று ஊர் ஊராக வேனில் போய் மக்களையே சோதனை செய்ய வைக்கிறாள். ஓய்வு பெற்றதும் அவர் அவளிடமே வந்து, எனக்கும் இதைக் கற்றுக்கொடு என்று நின்றார். நின்றாரே தவிர, வாத்தியார் புத்தியை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. சட்டைப் பையில் சிவப்புப் பேனாகூட அப்படியே இருந்தது.

சோதனை ரொம்ப எளிது. அவரவர் வீட்டில் குடிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து குழாயில் ஊற்றி, நாலு சொட்டு மருந்து விட வேண்டும். சிவந்தால் நல்ல தண்ணீர். மஞ்சளானால் அதில் ஃபுளோரைடு அதிகம்; பல்லையும் எலும்பையும் கெடுத்துவிடும். வந்த நிறத்தைத் தாளில் எழுதி அவர்களே எடுத்துப் போகலாம்.

போன வருஷம் இதே ஊருக்கு ஏகாம்பரம் தனியாக வந்திருந்தார். அந்தக் கதையை இப்போது சொன்னார். முப்பத்தோரு பேருக்குச் சிவப்பு. மாதம்மாள் என்று ஒருத்திக்கு மட்டும் மஞ்சள். டியூபைக்கூடச் சரியாகக் கழுவத் தெரியாத பெண், நல்லவேளை நான் பார்த்து, அவளிடமும் அதைச் சொல்லித் திருத்திக் கொடுத்தேன் என்றார்.

கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"மறுபடி செய்யச் சொன்னீங்களா சார்?"

"எதுக்கு? ஊருக்கே சிவப்பு. வரவேண்டியது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தம்மா வீட்டுல குடிக்க ஒரு சொம்பு தண்ணி வாங்கிட்டு வாங்க."

இந்த வயதில் எடுபிடி வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மாதம்மாளுக்கு அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. இடுப்பில் குழந்தையோடு உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. மஞ்சள் என்று அவள் எழுதியதை அடித்து, மேலே சிவப்பு என்று எழுதியிருந்தது அவருடைய கையெழுத்துதான்.

"நம்ம தோட்டத்துப் புது போர் தண்ணி சார்," என்றாள். "அப்ப இவ வயித்துல இருந்தா. குடிக்கலாமா வேணாமான்னு பயந்துகிட்டேதான் அன்னைக்கு எடுத்துட்டு வந்தேன். நீங்க நல்ல தண்ணின்னு சொன்னதுல இருந்து தெருக்குழாய்க்குப் போறதையே விட்டுட்டோம். இவளுக்கும் இதுலதான் கஞ்சி."

ஏகாம்பரத்துக்கு நாக்கு உலர்ந்துபோயிற்று. சொம்பு கையில் இருந்தும் அவர் குடிக்கவில்லை.

திரும்பி நடந்தார். சார் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று மாதம்மாளும் குழந்தையோடு பின்னால் வந்தாள்.

செல்வநாயகி சொம்பைத் தொடவில்லை. ஒரு குழாயையும் மருந்துக் குப்பியையும் அவர் முன்னால் வைத்தாள்.

அவள் கழுவி வைத்த குழாய்தான். ஆனாலும் அவர் கழுவினார். இன்னொரு முறை கழுவினார். மூன்றாவது முறையும் கழுவினார்.

தண்ணீரை ஊற்றினார். நாலு சொட்டு விட்டார்.

மஞ்சள்.

செல்வநாயகி அவர் பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவி அவரிடமே நீட்டினாள்.

"திருத்துங்க சார்."

அவர் கை எழவில்லை.

மாதம்மாள் குழாயைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"விடுங்க சார்," என்றாள். "டியூப சரியா கழுவியிருக்க மாட்டீங்க."